நிலத்துக்கு நியாய விலை எது?

"உழுபவனுக்கே நிலம்" என்னும் முழக்கத்தை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். கேட்பதற்கு இனிமையான சொல், நியாயமான சொல்லுங்கூட. ஆனால் அந்தச் சொல்லை நடைமுறைக்குக் கொண்டுவரும் நாளில் ஒரு கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. ஒருவர் பெயரில் இருக்கும் நிலத்தை அரசாங்கம் எடுத்து, அதில் பாடுபட்டவர் பெயருக்கு மாற்றுகிறது. எடுத்த நிலத்துக்கு என்ன விலை கொடுப்பது? அந்த விலையை யார் முடிவு செய்வது? எந்த நாளின் விலையைக் கொடுப்பது? அந்தப் பணம் கடைசியில் யார் கையிலிருந்து வருவது?

"நிலக்காரர்கள் பணக்காரர்கள்தானே, அவர்களுக்கு எதற்கு இழப்பீடு?" என்று சிலர் கேட்கலாம். "சந்தை விலையை அப்படியே கொடுத்துவிட்டால் சண்டையே இல்லையே" என்று வேறு சிலர் சொல்லலாம். இரண்டுமே அவசரப் பேச்சு. நிலக்காரர் எல்லாரும் பெரும் பண்ணைக்காரர் அல்லர். ஆயுள் முழுவதும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, முதுமைக்கென்று நாலைந்து ஏக்கர் வாங்கிப் போட்ட பள்ளி ஆசிரியரும் நிலக்காரர்தான். கணவன் விட்டுச்சென்ற வயலைக் குத்தகைக்கு விட்டுக் குடும்பம் நடத்தும் விதவையும் நிலக்காரிதான். மறுபுறம், விலையை உயர்த்திவிட்டால் அதைத் தவணை முறையில் கட்டவேண்டியவர் நிலம் பெறும் உழைப்பாளியே. அவர் கையில் நிலத்தையும் கொடுத்து, தலையில் கடனையும் ஏற்றினால், நிலம் எத்தனை நாள் அவரிடம் தங்கும்?

ஆகவே இழப்பீட்டுக் கணக்கு என்பது வக்கீல்கள் மட்டும் பேசுகின்ற விஷயம் அன்று. நிலச் சீர்திருத்தம் வாழுமா வீழுமா என்பதை முடிவு செய்கிற கணக்கு அது. இந்தக் கணக்கை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் போட்டும் அழித்தும் திருத்தியும் வந்திருக்கிற ஒரு நாடு நமக்கு அண்டையிலேயே இருக்கிறது. அது பிலிப்பைன்ஸ். அங்கே நடந்தவற்றைக் கொண்டு இந்தப் பொருளை இன்று ஆராய்வோம்.

முதலில் 1972-ஆம் ஆண்டுக்குப் போவோம். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் அதிபர் மார்க்கோஸ் அந்நாட்டில் இராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அடுத்த மாதம், அக்டோபர் 21-ஆம் நாள், 27-ஆம் எண் அதிபர் ஆணை வெளிவந்தது. நெல்லும் சோளமும் விளையும் நிலங்களில் வாரத்துக்கோ குத்தகைக்கோ உழுதவர்கள் அந்த நிலத்துக்கே உரிமையாளர் ஆவார்கள் என்று அது சொன்னது. நீர்ப்பாசனம் உள்ள நிலமானால் ஒரு குடும்பத்துக்கு 3 ஹெக்டர், இல்லாத நிலமானால் 5 ஹெக்டர். ஒரு ஹெக்டர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. தாமே பயிர் செய்யும் நிலக்காரர் 7 ஹெக்டர் வரை வைத்துக்கொள்ளலாம்.

விலை எப்படி? இதற்கு அந்த ஆணை ஓர் எளிய வழியைக் கண்டது. நிலத்தின் சராசரி ஆண்டு விளைச்சலை எடுத்துக்கொள். அதை இரண்டரையால் பெருக்கு. அதுவே நிலத்தின் விலை. சராசரி என்றால், ஆணைக்கு முந்திய மூன்று சாதாரண ஆண்டுகளின் சராசரி. வெள்ளமோ பூச்சியோ அழித்த ஆண்டுகள் கணக்கில் சேரா. விளைச்சல் எவ்வளவு என்பதை உள்ளூர்க் குழுக்கள் விசாரித்துச் சொல்லவேண்டும்.

விளைச்சல் நெல் மூட்டையாகத்தானே இருக்கும், அதைப் பணமாக்குவது எப்படி என்று கேட்பீர்கள். அங்கே 50 கிலோ கொண்ட மூட்டையைக் 'கவான்' என்று சொல்லுவார்கள். 1972 அக்டோபர் 21 அன்று அரசாங்கம் நெல்லுக்குக் கொடுத்த ஆதரவு விலை மூட்டைக்கு 35 பெசோ. சோளத்துக்கு 31 பெசோ. அந்த விலையைக் கொண்டே கணக்குப் போடவேண்டும் என்று, பிறகு அதிபர் கோரசோன் அக்கினோ 1987 ஜூலையில் பிறப்பித்த 228-ஆம் எண் ஆணை உறுதி செய்தது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டரில் ஆண்டுக்கு 60 மூட்டை விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுபதை இரண்டரையால் பெருக்கினால் 150 மூட்டை. மூட்டைக்கு 35 பெசோ வீதம் 5,250 பெசோ. அந்த ஹெக்டரின் விலை அவ்வளவுதான்.

இந்த வழியில் ஒரு நன்மை உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத உழவரும் தம் நிலத்தின் விலையைத் தாமே விரல்விட்டுக் கணக்கிட்டுக்கொள்ளலாம். அதிகாரி ஏமாற்ற முடியாது. ஆனால் ஒரு பெருங்குறையும் உண்டு. காலம் ஓடியது, பணத்தின் மதிப்பு தேய்ந்தது, நெல் விலை பல மடங்கு ஏறியது. கணக்கில் இருந்த 35 பெசோ மட்டும் அசையவில்லை. பல நிலக்காரர்களுக்குப் பத்து ஆண்டு, இருபது ஆண்டு ஆகியும் பணம் வந்து சேரவில்லை. இருபது ஆண்டு கழித்துக் கொடுக்கும் பணத்தையும் 1972-ஆம் ஆண்டு விலையிலேயே கொடுத்தால், அது இழப்பீடு ஆகுமா? இதைச் சற்றேனும் ஈடுகட்ட 1994-இல் ஆண்டுக்கு 6 விழுக்காடு கூட்டு வட்டி சேர்க்கும் விதி வந்தது. பிறகு 2005-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: பணம் கொடுத்து முடிக்கப்படாத நிலத்துக்கு 1972-ஆம் ஆண்டுக் கணக்கைப் பிடித்துக்கொண்டிருப்பது நியாயம் ஆகாது, பின்னால் வந்த புதிய சட்டத்தின்படியே விலையை முடிவு செய்யவேண்டும்.

அந்தப் புதிய சட்டம் எது என்று இப்போது பார்ப்போம்.

மார்க்கோஸ் ஆட்சி 1986-இல் வீழ்ந்தது. 1987-இல் புதிய அரசியல் சட்டம் வந்தது. நிலமற்ற உழவருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் நிலம் பகிர்ந்தளிக்கவேண்டும் என்று அது கட்டளையிட்டது. அதே மூச்சில், எடுக்கும் நிலத்துக்கு நியாயமான இழப்பீடு கொடுக்கவேண்டும் என்றும் சொன்னது. இதன்படி 1988 ஜூன் 10 அன்று 6657-ஆம் எண் குடியரசுச் சட்டம் கையெழுத்தாயிற்று. இது நெல்லுக்கும் சோளத்துக்கும் மட்டும் உரியதன்று. கரும்பு, தென்னை, வாழை முதலிய தோட்டங்களையும் அது தொட்டது. நிலக்காரர் 5 ஹெக்டர் வைத்துக்கொள்ளலாம். 15 வயது நிரம்பி, நிலத்தில் நேரடியாகப் பாடுபடும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் 3 ஹெக்டர் கொடுக்கலாம். மிச்சம் உழைப்பாளிகளுக்கு, ஒருவருக்கு 3 ஹெக்டருக்கு மேற்படாது.

இழப்பீட்டை முடிவு செய்ய எவற்றையெல்லாம் கவனிக்கவேண்டும் என்று அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு பட்டியல் இடுகிறது. நிலத்தை வாங்கியபோது கொடுத்த விலை. அதுபோன்ற பக்கத்து நிலங்களின் இன்றைய மதிப்பு. நிலத்தின் தன்மை, அது எதற்குப் பயன்படுகிறது, என்ன வருமானம் தருகிறது. உரிமையாளர் சத்தியம் செய்து சொன்ன மதிப்பு. வரி கட்டுவதற்காக அவர் காட்டிய மதிப்பு. அரசாங்க மதிப்பீட்டாளர் போட்ட மதிப்பு. இவற்றோடு நாம் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. உழவரும் தொழிலாளரும் அந்த நிலத்துக்குத் தம் உழைப்பால் சேர்த்த நன்மையையும், அரசாங்கம் சேர்த்த நன்மையையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்கிறது சட்டம். நிலக்காரர் வரி பாக்கி வைத்திருந்தால், அரசாங்க வங்கியில் வாங்கிய கடனைக் கட்டாமல் இருந்தால், அதையும் கவனிக்கவேண்டும்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிப்போம். வரி கட்டும்போது "என் நிலம் ஒன்றுக்கும் உதவாத நிலம்" என்று குறைத்துக் காட்டுகிறார் ஒருவர். அரசாங்கம் எடுக்க வரும்போது "என் நிலம் பொன் விளையும் பூமி" என்று உயர்த்திச் சொல்லுகிறார். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்? வரிக் கணக்கையும் பட்டியலில் சேர்த்ததன் நோக்கம் இதுவே. அதுபோல, காட்டை அழித்து, கால்வாய் வெட்டி, மரம் வைத்துக் காத்தவர்கள் தொழிலாளர்கள். அவர்கள் வியர்வையால் ஏறிய மதிப்பு முழுவதையும் நிலக்காரருக்கே விலையாகக் கொடுத்து, அந்த விலையை அதே தொழிலாளியிடம் வசூலிப்பது எந்த விதத்தில் நியாயம்? இந்தக் கேள்விக்குச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் நடைமுறைக் கணக்கில் அதற்குத் தனி இடம் கிடைத்ததா என்பதை இதோ பாருங்கள்.

பட்டியல் மட்டும் இருந்தால் அதிகாரி ஒருவர் ஒரு விலை சொல்லுவார், அடுத்தவர் வேறு விலை சொல்லுவார். ஆகையால் நிலச் சீர்திருத்த இலாகா ஒரு கணக்கு முறையை வகுத்தது. 1998-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் ஆணையில் இருப்பது இது. மூன்று மதிப்புகளை எடுக்கவேண்டும். முதலாவது, நிலத்தின் நிகர வருமானத்தைக் கொண்டு கணக்கிட்ட மதிப்பு. இதற்கு நூற்றுக்கு 60 பங்கு. இரண்டாவது, பக்கத்தில் அதேபோன்ற நிலங்கள் விற்ற விலை. இதற்கு 30 பங்கு. மூன்றாவது, வரிக் கணக்கில் உள்ள மதிப்பு. இதற்கு 10 பங்கு. பக்கத்து விற்பனை விவரம் கிடைக்காவிட்டால் வருமான மதிப்புக்கு 90 பங்கு, வரி மதிப்புக்கு 10 பங்கு. தொழிலாளர் உழைப்புக்கென்று இதில் தனி வரிசை இல்லை என்பதை நீங்களே காண்கிறீர்கள்.

வருமானத்திலிருந்து மதிப்பைக் கண்டுபிடிப்பது எப்படி? இது கடினமான காரியம் அன்று. ஆண்டுக்கு 12 வெள்ளி வட்டி வரவேண்டும், வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு என்றால், முதல் எவ்வளவு போடவேண்டும்? 100 வெள்ளி. அதே முறைதான் இதுவும். நிலம் ஆண்டுக்குத் தரும் நிகர வருமானத்தை வட்டி போலக் கருதி, அதற்கு முதல் எவ்வளவு என்று கேட்கிறார்கள். வட்டி விகிதம் 12 விழுக்காடு. செலவுக் கணக்குச் சரியாகக் கிடைக்காவிட்டால், மொத்த விளைச்சலின் மதிப்பில் 20 விழுக்காடு நிகர வருமானம் என்று கொள்ளவேண்டும். தென்னந்தோப்பில் செலவு குறைவு என்பதால் அதற்கு 70 விழுக்காடு.

பழைய உதாரணத்தையே புதிய முறையில் போட்டுப் பார்ப்போம். 60 மூட்டை நெல்; மூட்டை விலை 300 பெசோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 18,000 பெசோ. நூற்றுக்கு 20 வீதம் நிகர வருமானம் 3,600. இதற்கு 12 விழுக்காட்டில் முதல் 30,000 பெசோ. பக்கத்து நிலங்கள் ஹெக்டர் 50,000-க்கு விற்றன என்றும், வரிக் கணக்கில் 20,000 என்றும் கொள்வோம். முப்பதாயிரத்தில் 60 பங்கு 18,000. ஐம்பதாயிரத்தில் 30 பங்கு 15,000. இருபதாயிரத்தில் 10 பங்கு 2,000. ஆக மொத்தம் 35,000 பெசோ. பழைய கணக்கில் 5,250, புதிய கணக்கில் 35,000. நிலம் ஒன்றே, விளைச்சல் ஒன்றே. கணக்கும் காலமும் மாறியதால் விலை ஏறத்தாழ ஏழு மடங்கு ஆகிவிட்டது. கணக்கு முறையைத் தொழிலாளரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நாம் சொல்வது இதற்காகத்தான்.

விலை முடிவானதும் பணம் முழுவதும் ரொக்கமாகக் கிடைத்துவிடுமா? கிடைக்காது. நாடு முழுவதும் இலட்சக்கணக்கான ஹெக்டர் எடுக்கும்போது அவ்வளவு ரொக்கத்துக்கு எந்தக் கருவூலமும் தாங்காது. 24 ஹெக்டர் வரை உள்ளவருக்கு 35 விழுக்காடு ரொக்கம். 24-க்கு மேல் 50 வரை 30 விழுக்காடு. 50-க்கு மேல் 25 விழுக்காடு. தாமாகவே முன்வந்து கொடுத்தால் ரொக்கத்தில் இன்னும் 5 விழுக்காடு கூடும். மிச்சத்துக்கு நில வங்கியின் கடன் பத்திரம். அது ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்காகப் பத்து ஆண்டில் பணமாகும், வட்டியும் உண்டு. சிறிய நிலக்காரருக்கு ரொக்கம் அதிகம், பெரியவருக்குக் குறைவு. சுமையைத் தாங்கக் கூடியவர் தோளில் வைத்தது நல்ல ஏற்பாடு என்றே சொல்லவேண்டும்.

"இழப்பீடு என்றால் ரொக்கமாகத்தான் கொடுக்கவேண்டும், பத்திரம் செல்லாது" என்று நிலக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1989 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு சாலைக்கு ஒரு துண்டு நிலம் எடுப்பது வேறு. ஒரு தேசத்தின் நில அமைப்பையே மாற்றுவது வேறு. இது புரட்சிகரமான காரியம்; இதில் ஒரு பகுதியைப் பத்திரமாகக் கொடுப்பது குற்றம் ஆகாது என்றது. அதே தீர்ப்பு நிலக்காரருக்கும் ஒரு காப்பு வைத்தது: இழப்பீடு முழுவதும் கொடுபடும் வரையில் நிலத்தின் உரிமை கைமாறாது. விலையை இறுதியாக முடிவு செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே என்பதும் உறுதிப்பட்டது. இலாகாவின் கணக்கை நீதிபதிகள் கட்டாயம் கவனிக்கவேண்டும். அந்த வழக்குக்கு அது பொருந்தாது என்று கண்டால், காரணத்தை எழுதிவைத்து விலகலாம் என்று 2016-இல் வந்த இன்னொரு தீர்ப்பு விளக்கியது. சட்டத்தைத் திருத்திய 9700-ஆம் எண் சட்டமும் 2009-இல் நீதிமன்றத்தின் இறுதி அதிகாரத்தை ஏற்றுக்கொண்டது.

நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் தத்துவம் ஒன்று உண்டு. நியாய இழப்பீட்டுக்கு அளவுகோல், எடுப்பவர் அடையும் இலாபம் அன்று. இழப்பவர் அடையும் நட்டம். அந்த நட்டத்தில் தாமதமும் சேரும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு மிண்டனாவ் தீவின் தாகும் வட்டாரத்தில் நடந்த வழக்கு. ஆப்போ புரூட்ஸ், ஹிஹோ பிளாண்டேஷன் என்னும் இரண்டு கம்பெனிகள் 1995-இல் தங்கள் தோட்ட நிலத்தைத் தாமே அரசாங்கத்துக்குக் கொடுக்க முன்வந்தன. 1996 டிசம்பரில் நிலம் கைமாறியது. ஆனால் விலையில் தகராறு. முழுப் பணமும் கொடுத்து முடிந்தது 2008 மே மாதத்தில். சுமார் 97 கோடி பெசோ பதினோர் ஆண்டுக்கு மேல் நிலுவையில் நின்றது. அந்தத் தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி கட்டவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் தீர்ப்பளித்தது. வட்டி மட்டும் 133 கோடி பெசோ! முதலை விட வட்டி பெரிதாகிவிட்டது. முதலிலேயே நியாயமான விலையைக் கொடுத்திருந்தால், அந்த வட்டிப் பணத்தில் எத்தனை உழவருக்கு விதையும் உரமும் கொடுத்திருக்கலாம்? தவறான மதிப்பீடு யாருக்கும் இலாபம் அன்று. அது பொதுமக்கள் வரிப்பணத்தைத் தின்றுவிடுகிறது. 2013 ஜூலையிலிருந்து இத்தகைய வட்டி 6 விழுக்காடாகக் குறைந்தது என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும்.

இனி, தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தனியாகக் கவனிக்கவேண்டிய ஒரு வழக்கு. தார்லாக் மாநிலத்தில் லுயிசித்தா என்னும் கரும்புத் தோட்டம் இருக்கிறது. அதிபர் கோரசோன் அக்கினோவின் பிறந்த வீடாகிய கோகுவாங்கோ குடும்பத்தின் தோட்டம் அது. நிலத்தைப் பிரித்துக் கொடுப்பதற்குப் பதிலாகத் தோட்டக் கம்பெனியின் பங்குகளைத் தொழிலாளருக்குக் கொடுக்கலாம் என்று 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. 1989-இல் சுமார் 4,916 ஹெக்டர் நிலத்துக்கு அந்த வழியைக் கையாண்டார்கள். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளருக்குக் காகிதத்தில் பங்கு கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. வாழ்வும் உயரவில்லை. 2004-இல் வேலைநிறுத்தம் மூண்டது. நவம்பர் 16 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது 7 பேர் மாண்டார்கள்.

அடுத்த ஆண்டு பங்குத் திட்டம் இரத்தாயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. நிலத்தைத் தொழிலாளருக்கே பிரித்துக் கொடுக்கவேண்டும் என்று 2011 நவம்பரில் தீர்ப்பு வந்தது. 2012 ஏப்ரலில் அது உறுதியாயிற்று. அப்போது எழுந்த பெரிய கேள்வி, எந்த நாளின் விலை என்பதுதான். கம்பெனி 2006 ஜனவரி 2-ஆம் நாளின் விலையைக் கேட்டது. அன்றுதான் நிலம் எடுக்கப்படும் என்னும் அறிவிப்பு வந்தது என்பது அதன் வாதம். நீதிமன்றமோ 1989 நவம்பர் 21-ஆம் நாளின் விலைதான் என்றது. பங்குத் திட்டம் அங்கீகாரம் பெற்ற அந்த நாளிலேயே நிலம் சீர்திருத்தத்தின் கீழ் வந்துவிட்டது என்பது காரணம். இரண்டு நாள்களுக்கும் இடையே பதினாறு ஆண்டுகள். அதற்குள் தோட்டத்தில் 500 ஹெக்டர் தொழிற்பேட்டைக்கும் பிற உபயோகத்துக்கும் மாற்றப்பட்டிருந்தது. பக்கத்து நிலத்தின் விலை எப்படி ஏறியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

முன்னே பார்த்த நெல் வயல் வழக்கில் பழைய நாளின் விலை அநியாயம் என்றது நீதிமன்றம். இங்கே பழைய நாளின் விலையே நியாயம் என்றது. இது முரண்பாடு அல்லவா என்று கேட்பீர்கள். முதல் வழக்கில், நிலத்தை இழந்தவர் பணமும் பெறாமல் வருஷக் கணக்கில் காத்திருந்தார். லுயிசித்தாவில் நிலம் கம்பெனியின் கையிலேயே இருந்தது. அதன் பயனையும் அதுவே அனுபவித்தது. காத்திருந்தவர்கள் தொழிலாளர்கள். காத்திருந்தவர் யார் என்று பார்த்தால் இரண்டு தீர்ப்பும் ஒரே திசையில் போவதாகவே நமக்குத் தோன்றுகிறது.

இனி நிலம் பெற்றவரின் பக்கம் வருவோம். அவருக்கு நிலம் இனாம் அன்று. 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 ஆண்டுத் தவணை, 6 விழுக்காடு வட்டி. நம் உதாரணத்தில் 3 ஹெக்டருக்கு விலை 1,05,000 பெசோ. சமத் தவணையாகக் கட்டினால் ஆண்டுக்குச் சுமார் 7,600 பெசோ வரும். அவருடைய மொத்த விளைச்சலோ 54,000 பெசோ. நிகர வருமானம் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 10,800. அதில் 7,600 கடனுக்குப் போனால், அடுப்பு எரிவது எப்படி?

சட்டம் இதை நினைக்காமல் இல்லை. முதல் ஐந்து ஆண்டுத் தவணை மொத்த விளைச்சலின் மதிப்பில் 5 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. நம் கணக்கில் 2,700 பெசோ. அதற்குப் பிறகும் தவணை 10 விழுக்காட்டைத் தாண்டி, உழவர் தம் குற்றம் இல்லாமல் கட்டமுடியாமல் போனால், நில வங்கி வட்டியையோ முதலையோ குறைக்கலாம். இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. நிலக்காரருக்குக் கொடுக்கும் விலையும், உழவரிடம் வாங்கும் விலையும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. முன்னது இழப்பைக் கொண்டு அளப்பது. பின்னது தாங்கும் சக்தியைக் கொண்டு அளப்பது. இடையில் விழும் பள்ளத்தை அரசாங்கம் நிரப்பவேண்டும். அப்படி நிரப்பும் நெஞ்சும் பணமும் இல்லாத அரசாங்கம் நிலச் சீர்திருத்தம் செய்ய இயலாது.

ஆனாலும் கடன் பெருகியது. மூன்று ஆண்டுத் தவணை பாக்கியானால் வங்கி நிலத்தைத் திரும்ப எடுக்கலாம் என்னும் விதி உழவர் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது. விளைச்சல் பொய்த்தவர்கள் பலர் நிலத்தைக் கள்ளத்தனமாக அடகு வைத்தார்கள். கடைசியில் 2023 ஜூலை 7 அன்று, 11953-ஆம் எண் சட்டத்தின் வழியாக, 6 இலட்சத்துக்கு மேற்பட்ட உழவர்களின் நிலக் கடன், ஏறத்தாழ 5,700 கோடி பெசோ, தள்ளுபடி ஆயிற்று. அதில் கையெழுத்திட்டவர் அன்றைய மார்க்கோஸின் மகனாகிய இன்றைய அதிபர் மார்க்கோஸ். தந்தை போட்ட ஆணைக்கு ஐம்பது ஆண்டு கழித்து மகன் கடனை அழித்தார். கட்ட முடியாத விலையை உழவர் மேல் வைப்பதில் பயனில்லை என்பதை ஒரு நாடு அரை நூற்றாண்டு செலவிட்டுக் கற்றுக்கொண்டது.

நேயர்களே, நம் நாட்டில் இவ்வகையான நிலச் சீர்திருத்தம் நடக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், நம் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பங்குப் பணத்தைக் கொண்டு, துன் சம்பந்தன் அவர்கள் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகத் தோட்டங்களை விலைக்கு வாங்கினார்கள். அங்கே சட்டம் எடுத்துக் கொடுத்தது. இங்கே நாம் சந்தையில் வாங்கினோம். ஆயினும் சாலைக்கோ பள்ளிக்கோ வேறு பொதுக் காரியத்துக்கோ அரசாங்கம் நிலம் எடுக்கும் வழக்கம் இங்கும் உண்டு. போதுமான இழப்பீடு இல்லாமல் சொத்தை எடுக்கச் சட்டம் செய்யக்கூடாது என்று நம் கூட்டரசு அரசியல் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்லுகிறது. 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி, நில நிர்வாகி விசாரணை நடத்திச் சந்தை விலையைக் கொண்டு இழப்பீட்டை முடிவு செய்யவேண்டும். தொகை போதாது என்றால் உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். தீர்ப்புச் சொல்லும்போது உடன் இருந்தவருக்கு அதற்குத் தவணை 6 வாரம்தான். அரை ஏக்கர் மண்ணானாலும் அது உங்கள் பெயரில் இருந்தால் இந்த உரிமை உங்களுக்கு உண்டு.

ஆகவே, நிலம் வைத்திருப்போர் சில காரியங்களைச் செய்துவைக்கவேண்டும். கிராண்டு, நிலவரி கட்டிய இரசீது, விளைச்சல் விற்ற சிட்டை ஆகியவற்றை ஒரு பெட்டியில் பத்திரமாக வையுங்கள். ஆண்டுதோறும் எவ்வளவு விளைந்தது, எவ்வளவு செலவாயிற்று என்பதைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நாம் பார்த்த கணக்குகள் எல்லாம் எங்கே தொடங்கின? சராசரி விளைச்சல், செலவு, பக்கத்து நிலம் விற்ற விலை, வரிக் கணக்கு. இவை கையில் இருப்பவர் பேச்சுக்கு விசாரணையில் மதிப்பு உண்டு. இல்லாதவருக்காக மற்றவர்கள் ஊகித்துச் சொல்லுவார்கள்.

ஒரே சூத்திரத்தால் எல்லா நிலத்துக்கும் நியாய விலை சொல்லிவிட முடியாது என்பதைப் பிலிப்பைன்ஸ் அனுபவம் காட்டுகிறது. ஆனால் விலை நியாயமானதா என்று சோதிக்க நாம் நான்கு கேள்விகள் கேட்கலாம். இழந்தவரின் உண்மையான நட்டம் அதில் அடங்கியதா? உரிய நாளின் மதிப்பு எடுக்கப்பட்டதா? பணம் காலத்தில் வந்து சேர்ந்ததா? நிலம் பெற்றவரால் தம் குடும்பத்தைப் பட்டினி போடாமல் அதைத் தாங்க முடியுமா? இந்த நான்குக்கும் ஆம் என்று பதில் வந்தால், அந்த நிலத்தில் பயிர் மட்டுமன்றி அமைதியும் விளையும்.